எல்லாம் பைண்டிங்கில் இருக்கிறது: ஒரு பெங்களூரு நூலகத்தின் கணக்கு

காகிதத்தில் பார்த்தால் அந்த நூலகத்தில் புத்தகமே தொலைந்ததில்லை. பழைய ஸ்டாக் வெரிஃபிகேஷன், அதாவது புத்தகங்களை எண்ணிச் சரிபார்க்கும் வேலையின், அறிக்கைகளை வரிசையாக எடுத்துப் புரட்டினேன். எல்லாவற்றிலும் 'குறைவு' என்கிற கட்டத்தில் 'இல்லை' என்று அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நூலகத்தில் கொஞ்ச நாளாவது வேலை பார்த்தவர்களுக்கு இதைப் படித்தால் சந்தேகம்தான் வரும். ஆட்கள் கை வைக்கிற எந்த ரேக்கிலும் நாலு புத்தகமாவது காணாமல் போகும். போகவே இல்லை என்றால் ஒன்று உள்ளே யாரும் வருவதில்லை, இல்லையென்றால் யாரோ கணக்கைப் பூசி மெழுகுகிறார்கள்.

இடம் பெங்களூரு, மத்திய அரசு மானியத்தில் ஓடும் ஓர் ஆய்வு நிறுவனம். பெயர் வேண்டாம், துறையும் வேண்டாம், எண்ணிக்கைகளையும் எழுதப் போவதில்லை, சொன்னால் இந்த ஊர் நூலக வட்டாரத்தில் பாதிப் பேருக்கு எது என்று தெரிந்துவிடும். புதிதாக வந்த தலைமை நூலகர் வெரிஃபிகேஷன் குழுவில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நான் வேறொரு இடத்தில் இதே வேலை பார்ப்பவன், அதனால் கூப்பிட்டார்கள், போனேன்.

பெரும்பாலான இடங்களைப் போல அவர்களும் கோஹா வைத்திருந்தார்கள், நியூசிலாந்தில் பிறந்து இன்று ஊரெல்லாம் இலவசமாகக் கிடைக்கிற அந்த நூலக மென்பொருள்தான். பார்கோடு ஸ்கேனரை எடுத்துக்கொண்டு ரேக் ரேக்காகப் போய், வந்த எண்களைக் கோஹாவில் ஏற்றினால் எது இருக்கிறது, எது இல்லை என்று அதுவே சொல்லிவிடும். சொன்னது. இல்லாத புத்தகங்களில் பெரும்பகுதிக்கு எதிரே ஒரே நிலைதான் பதிவாகியிருந்தது: பைண்டிங். சில புத்தகங்கள் ஏழெட்டு வருஷமாகப் பைண்டிங்கில் இருந்தன. ஒரு புத்தகத்துக்கு அட்டை போட ஏழு வருஷம் ஆகுமா என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சரி, பைண்டரையே கேட்டுவிடலாம் என்று அவென்யூ ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கும் அவர் கடைக்குப் போனேன். பெரியவருக்கு வேலூர்ப் பக்கம், அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட குடும்பம். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார், பசை லேசாக நீலம் பாரித்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். எந்த லைப்ரரி, எந்தத் தேதி, அக்சஷன் நம்பர் (நூலகம் புத்தகத்துக்குப் போடும் பதிவு எண்) என்ன, அட்டை காலிகோத் துணியா ரெக்ஸினா, பில் தொகை, எல்லாம் மருமகள் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. "எனக்கு வந்திருந்தா இதுல இருக்கும் சார். இதுல இல்லன்னா எனக்கு வரல. எழுதாம நான் ஒரு புக்கோட முதுகைக்கூடப் பிரிக்க மாட்டேன்" என்றார். என்றோ ஒரு நூலகம் புத்தகம் அனுப்பவே இல்லை என்று சாதித்துப் பில்லை நிறுத்தியிருக்கிறது, அதிலிருந்து இந்தப் பழக்கமாம். கோஹா சொன்ன பட்டியலில் இருந்தவற்றில் அவர் நோட்டில் இருந்தவை சொற்பம். மீதி எல்லாம் இல்லாத பைண்டிங்குக்குப் போன புத்தகங்கள்.

இப்போது இதை ஊழல், மோசடி என்று எழுதிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்கப் போனால் கதை வேறு மாதிரி விரிகிறது.

பல வருஷங்களுக்கு முன்னால் அங்கே ஓர் உதவி நூலகர் ஓய்வு பெற்றிருக்கிறார். அந்தச் சமயத்தில் எண்ணியதில் கொஞ்சம் புத்தகம் குறைந்திருக்கிறது. நீதான் பொறுப்பு என்று அவருக்கு நோ டியூஸ், அதாவது பாக்கி எதுவும் இல்லை என்கிற சான்று, தராமல் இழுத்தடித்தார்கள், கிராஜுட்டி நின்றது. இந்தக் கதையை எனக்கு அங்கே பல பேர் சொன்னார்கள், ஒவ்வொருவர் சொல்லும்போதும் தொகை மாறியது. ஒருவர் சொன்னதில் அதனால் மகள் கல்யாணமே தள்ளிப்போனது, இன்னொருவர் சொன்னதில் அவருக்கு மகளே கிடையாது, மகன்தான். நேரில் பார்த்த ஒருவர்கூட இப்போது வேலையில் இல்லை. ஆனால் புதிதாகச் சேருகிற யாரானாலும் முதல் வாரத்துக்குள் கேன்டீனில் டீ குடிக்கும்போது இந்தக் கதை காதில் விழுந்துவிடும். நிர்வாகம் தருகிற அறிமுகப் பயிற்சியில் வாசகர் சேவை, டிஜிட்டல் வளங்கள் என்று என்னவெல்லாமோ சொல்லித்தருகிறார்கள். உண்மையான பயிற்சி கேன்டீனில்தான் நடந்தது, அதன் பாடம் ஒரே வரி: காணோம் என்று எழுதினால் உன் தலையில் விழும்.

அதற்குப் பிறகு வந்த தலைமை நூலகர் நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாதிரி ஆய்வுகளில் பழையவர் கொடுமைக்காரர், புதியவர் ரட்சகர் என்று எழுதிவிடுவது சுலபம். அவர் யாரையும் மாட்டிவிடாதவர், ஊழியர் வீட்டு விசேஷம் எதையும் தவறவிடாதவர், இன்றைக்கும் அவர் பேச்சை எடுத்தால் கவுன்ட்டரில் இருக்கும் அம்மாவுக்குக் கண் கலங்குகிறது. பைண்டிங் என்று போடச் சொன்னது அவர்தான் என்று யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஆட்களைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி அது. கூடவே இன்னொரு வழியும் இருந்தது: விலை அதிகமான புத்தகங்களை எல்லாம் பூட்டிய பீரோக்களுக்குள் கொண்டுபோய்விட்டார். சாவி ஒரு சீனியர் அட்டெண்டரிடம். அவர் லீவு என்றால் அந்தப் புத்தகமும் லீவு.

அந்தப் பீரோக்களுக்கு மேலே எஸ்.ஆர். ரங்கநாதன் படம் மாட்டியிருந்தது. சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், 1962இல் இதே பெங்களூரில் ஆவணமாக்கல் ஆய்வு பயிற்சி மையத்தைத் தொடங்கி 1972இல் இங்கேயே மறைந்தவர். ஒவ்வொரு ஆகஸ்ட் 12ஆம் தேதியும், அவர் பிறந்த நாளை நூலகர் தினமாகக் கொண்டாடி, படத்துக்கு மாலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கிறார்கள். 1931இல் அவர் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகங்கள் பயன்படுத்தத்தான் என்பது, அந்த விதியை விளக்கும்போது அந்தக் காலத்து ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்ததைப் பற்றித்தான் பேசுகிறார். சங்கிலி போய்க் கோத்ரெஜ் பூட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் எனக்கு எரிச்சலூட்டிய விஷயம், இந்தப் பயத்துக்கு விதிப்படி பெரிய அடிப்படையே இல்லை என்பது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், எல்லோரும் ஜி.எஃப்.ஆர். என்று சொல்வது, 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் 215ஆம் விதி நூலகத்துக்கு என்றே இருக்கிறது. 20,000 புத்தகம் வரை இருந்தால் வருஷா வருஷம் முழுசாக எண்ண வேண்டும், 50,000 வரை என்றால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் போனால் மாதிரிச் சோதனை போதும். அடுத்த வரி முக்கியம்: ஒரு வருஷத்தில் வெளியே கொடுத்த, உள்ளே எடுத்துப் பார்த்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு 5 தொலைவதை நியாயமான இழப்பாக எடுத்துக்கொள்ளலாம், நேர்மைக்குறைவோ அலட்சியமோ காரணமாக இல்லாதவரை. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள புத்தகமும், என்ன விலையானாலும் அரிய புத்தகமும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வருஷத்துக்கு 40,000 முறை புத்தகம் கைமாறுகிற நூலகத்தில் 200 புத்தகம் தொலைந்தால் அது விதிக்கு உட்பட்டது. பீரோவைப் பூட்டினால் என்ன ஆகும்? கைமாறுவது குறையும், அனுமதிக்கப்பட்ட இழப்பும் கூடவே குறையும். அதுவும் போக, மேஜையில் வைத்துப் படித்துவிட்டுப் போகிற புத்தகங்களை அங்கே யாரும் எண்ணியதே இல்லை, கவுன்ட்டரில் பதிவானது மட்டும்தான் கணக்கு. தங்களைக் காப்பாற்றக்கூடிய எண்ணிக்கையைத் தாங்களே குறைத்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட மோசம், உள்ளபடி தொலைந்த புத்தகத்துக்கு விதி துணை நிற்கும், ஆனால் பொய்யாகப் பைண்டிங் என்று போட்ட பதிவுக்கு நிற்காது, அது நேரே நேர்மைக்குறைவு என்கிற வார்த்தையில் போய் மாட்டும். நல்ல மனிதர் ஆட்களைக் காப்பாற்றச் செய்த காரியம்தான் அவர்களை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

புதிய தலைமை நூலகர், எல்லோருக்கும் 'மேடம்', கன்னடக்காரர், தமிழ் ஓரளவு புரியும், பேசமாட்டார். வந்த சில வாரங்களிலேயே பைண்டிங் விவகாரத்தை மோப்பம் பிடித்துவிட்டார். கோஹாவில் யார் எந்தத் தேதியில் எந்தப் புத்தகத்தின் நிலையை மாற்றினார்கள் என்று பதிவு ஓடிக்கொண்டே இருக்கும், எடுத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பெயர்கள் கையில் வந்துவிடும். அவர் எடுக்கவில்லை. ஊழியர்களைக் கூப்பிட்டு, இத்தனாம் தேதிக்குள் கிடைக்காத புத்தகத்தை எல்லாம் கிடைக்கவில்லை என்றே மாற்றிவிடுங்கள், யார் மாற்றினாலும் அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கும் என்று சொல்லி, சொன்னதை ஓர் ஆபீஸ் ஆர்டராகவும் போட்டுவிட்டார். வாயால் சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். கேன்டீன் கதைக்கு எதிராக நிற்க ஓர் உத்தரவுத் தாளாவது வேண்டும்.

பதிவை எடுத்துப் பார்க்காமல் விட்டது சரியா என்று எனக்கும் அவருக்கும் வாக்குவாதம் நடந்தது. குழுவில் வெளியாளாக இருக்கிறவன், நாளைக்குத் தணிக்கையில் ஆட்சேபணைக் குறிப்பு (ஆடிட் பாரா) வந்தால் என் கையெழுத்தும் அதில் இருக்கும். அவர் சொன்ன பதில் எளிமையானது: "பேர் தெரிஞ்சா நான் நடவடிக்கை எடுத்தாகணும் சார், எடுத்தா அடுத்த வருஷம் வேற ஒரு பைண்டிங் கண்டுபிடிப்பாங்க." கடைசியில் நிலை தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று மட்டும், பெயரில்லாமல், அறிக்கையில் எழுதினோம். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் அங்கே அதற்குப் பிறகு நடந்ததை வைத்துப் பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம் அதிகம்.

காணாமல் போனவற்றின் எண் எகிறியது. நூலகக் குழுக் கூட்டத்தில் நானும் இருந்தேன். இயக்குநர் தாளைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், "முன்னாடி இருந்தவர் காலத்துல ஒரு புக்கும் காணாமப் போகல. நீங்க வந்து ஒரு வருஷம் ஆகல, இவ்வளவா?" என்றார். இங்கேதான் பலர் வழுக்குவார்கள். பழையவர் மறைத்துவிட்டுப் போனார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், ஆதாரமும் இருந்தது. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு புத்தகமும் கடைசியாக எப்போது வெளியே போனது என்கிற தேதியோடு பட்டியலை நீட்டினார். பெரும்பாலானவை அவர் வேலையில் சேருவதற்கு வெகு முன்னாலேயே கடைசியாகக் கண்ணில் பட்டவை. "எப்போ தொலைஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. எழுதினது நான்" என்றார். அப்புறம் 215ஆம் விதியின் நகல். 1,000 ரூபாய்க்குக் கீழே உள்ளவை ஒரு தாள், மேலே உள்ளவை ஒரு தாள், அரியவை தனித் தாள். முதல் தாளை ரைட் ஆஃப் செய்யலாம் (இழப்பாகக் காட்டிக் கணக்கிலிருந்து நீக்கலாம்), மற்ற இரண்டுக்கும் விசாரணை வையுங்கள், விசாரணை என்னிடமிருந்தே தொடங்கட்டும் என்றார். நிதி அலுவலர்தான் முதலில் தலையாட்டினார். கணக்குக்காரர்களுக்கு விதி எண் சொன்னால் பாதிக் கோபம் போய்விடும்.

ஹார்வர்டில் இருக்கும் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை எண்ணினார்கள். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் கூடுதலாகப் பதிவாகியிருந்தது. அந்த நர்சுகள் அதிகமாகத் தப்புச் செய்தார்கள் என்பதில்லை, செய்ததைச் சொல்லப் பயப்படவில்லை. மேலே உட்கார்ந்து எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். நம் நிறுவனங்களில் ஒருவருடைய வருடாந்திர மதிப்பீட்டை எழுதுகிறவர் அப்படி மேலே உட்கார்ந்து எண்ணைப் பார்க்கிறவர்தான்.

எல்லாம் புதிய தலைமை நூலகர் சரியாகவே செய்தார் என்று சொல்லமாட்டேன். பீரோ விஷயத்தில் அவசரப்பட்டார். ஒரு நாள் காலையில் மாற்றுச் சாவி வாங்கித் திறந்துவிட்டு, புத்தகங்களைப் பொது ரேக்குக்கு மாற்றச் சொல்லிவிட்டார். சாவி வைத்திருந்த சீனியர் அட்டெண்டருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பத்து மணிக்கு வந்து காலிப் பீரோவைப் பார்த்து, சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டு மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சாவிதான் அந்த நிறுவனத்தில் அவருக்கு இருந்த மரியாதை, பேராசிரியர்களே அவரைத் தேடி வந்து நின்றது அதற்காகத்தான். எந்தப் புத்தகம் எந்த மூலையில் கிடக்கும் என்று கேட்லாக்கைவிட அவருக்கு நன்றாகத் தெரியும், அந்த ஆள் லீவில் இருந்த சமயத்தில்தான் நாங்கள் ரேக் ரேக்காகத் தேடிக்கொண்டிருந்தோம். திரும்பி வந்த பிறகும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறார். திறக்க வேண்டிய பீரோதான், ஆனால் அவரையே திறக்கச் சொல்லியிருக்கலாம்.

மேஜையில் கிடக்கும் புத்தகங்களை எண்ணுகிற ஏற்பாடு மட்டும் சத்தமில்லாமல் நன்றாக நடந்தது. கோஹாவில் புள்ளிவிவரத்துக்கு என்றே ஒரு போலி உறுப்பினர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் ரேக்குக்குத் திருப்பும் முன் அந்தக் கணக்கில் ஸ்கேன் பண்ணினால் உள்பயன்பாடு என்று பதிவாகிவிடும், புத்தகம் யார் பேரிலும் ஏறாது. இதைச் செய்தவர்கள் ஒப்பந்த ஊழியர்கள்.

அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே ஷெல்விங், ஸ்கேனிங், கவுன்ட்டரில் பாதி எல்லாம் ஏஜென்சி ஆட்கள்தான். நிறையப் பேர் ஸ்ரீராம்புரம், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள், கன்னடம் தண்ணியாகப் பேசுவார்கள், தங்களுக்குள் தமிழ். நிரந்தர ஊழியர்கள் மத்தியில் கூட்டம் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் நடக்கும், இவர்கள் பின்வரிசையில் நின்று கேட்பார்கள். மேடத்தின் ஆபீஸ் ஆர்டர் வந்த அன்றும் அப்படித்தான் நின்றார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் மூன்றாவது மாடியில் என்னோடு ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்த பையன் தமிழில் பேச ஆரம்பித்தான். "அண்ணா, அந்த லிஸ்ட்ல இருக்கிறதுல பாதி தொலையவே இல்ல. பெரிய ப்ரொஃபசருங்க ரூம்ல இருக்கு. நான்தான் தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன்." அப்புறம் ஏன்டா மேடம்கிட்ட சொல்லல என்றேன். "ஆர்டர்ல 'ஊழியர்கள்'னுதானே போட்டிருக்கு. நாங்க ஊழியர் லிஸ்ட்லயே இல்லையே அண்ணா. நான் சொல்லி, அவங்க கேட்டு, அவர் கோபப்பட்டா அடுத்த மாசம் ஏஜென்சிக்காரன் என் பேரை எடுத்துட்டு வேற ஆளை அனுப்பிடுவான்."

பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவனிடம் பயப்படாமல் பேசு என்று சொல்வது லேசு. மேடம் கொடுத்த பாதுகாப்பு உண்மையானதுதான், ஆனால் அது நிரந்தர ஊழியர் பட்டியலின் கடைசிப் பெயரோடு நின்றுவிட்டது. அதே நூலகர் தின விழாவில், நூலகம் என்பது வேலை அல்ல, சேவை என்று யாரோ பேசினார்கள், அப்போது இந்தப் பையன்களுக்குச் சம்பளம் வந்து சேர்ந்திருக்கவில்லை. அமெரிக்க நூலகர் ஃபொபாசி எட்டார் 2018இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: தொழிலைப் புனிதமாக்கிவிட்டால் அங்கே சம்பளம், வேலைச்சுமை பற்றி வாய் திறப்பதே பாவம் போல ஆகிவிடும் என்று. அவர் எழுதியது அந்த ஊர் நூலகங்களைப் பற்றி, இங்கே அதோடு ஏஜென்சியும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொரு சங்கடம், அந்தப் பையன் சொன்னதற்குக் காரணம் நான் தமிழ் பேசுகிறவன் என்பது. அதற்கடுத்த நாட்களில் மற்றவர்களும் வந்து அண்ணா அண்ணா என்று சொல்ல ஆரம்பித்தார்கள், தலைமை நூலகருக்குப் போக வேண்டிய செய்தி எல்லாம் வெளியாளான என்னிடம் வந்துகொண்டிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் உண்மை நிலவரம் பாஷை பார்த்து ஒரு பக்கமாக ஓடினால், மறுபக்கம் இருக்கிறவர்கள் இவர்கள் தனியாக என்னமோ பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள், நினைத்தார்கள். மேடத்திடம் பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து அவரே சாயங்கால ஸ்கேனிங்கில் வந்து நின்றார், உடைந்த தமிழில் பேசிப் பார்த்தார், பையன்கள் சிரித்தார்கள். செய்தி வந்ததா என்று கேட்டால் கொஞ்சம் வந்தது.

பேராசிரியர் அறைப் புத்தகங்களுக்கு நூலக ஆட்கள் யாரும் போகாமல், அறைவாரியாகப் பட்டியல் போட்டு இயக்குநர் கையெழுத்தில் கடிதம் அனுப்பச் செய்தோம். அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. ஒருவர் மட்டும், புத்தகங்கள் நூலகத்தைவிட என்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்று பதில் எழுதியிருந்தார்.

1,000 ரூபாய்க்குக் கீழே உள்ளவை ரைட் ஆஃப் ஆகிவிட்டன, மற்றவற்றின் விசாரணை நடக்கிறது, யார் சம்பளத்திலும் கை வைக்கவில்லை. அறிக்கையில் நான் எழுதிய பரிந்துரைகளில் ஒன்றைத்தான் ஏற்கவில்லை: ஏஜென்சி ஆளை மாற்றுவதற்கு முன் தலைமை நூலகரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும், ஆபீஸ் ஆர்டரின் பாதுகாப்பு அவர்களுக்கும் பொருந்தும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது. அடுத்த டெண்டரின்போது பரிசீலிக்கலாம் என்று நிர்வாகப் பிரிவு குறிப்பு எழுதியிருக்கிறது. டெண்டர் மார்ச்சில். அந்தப் பையனின் ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிகிறது.